ஜவ்வாது மலைக்குப் போகுமுன்

காட்பாடி,
ஐப்பசி

அன்பு மகன் இளங்கோவுக்கு,

அம்மா எழுதுவது. டிசம்பர் 13ஆம் தேதி இரவு ஜெமினிட் எரிகல் பொழிவைப் பார்க்க நண்பர்களோடு ஜவ்வாது மலைக்குப் போவதாகவும், டீட் என்ற ரசாயனம் கலந்த கொசு விரட்டி தொலைநோக்கியின் பிளாஸ்டிக் பாகங்களைக் கெடுத்துவிடும் என்பதால் டீட் இல்லாத ஒன்றைச் சொல்ல வேண்டும் என்றும் எழுதியிருந்தாய். உன் கவலை நியாயமானதுதான். டீட் பட்டால் பிளாஸ்டிக்கும் சில செயற்கை இழைத் துணிகளும் பாழாகும். ஆனால் அதை நஞ்சு என்று எண்ணி மற்றவர்களைப் பயமுறுத்தாதே. அமெரிக்க ராணுவத்துக்காக 1946இல் உருவாக்கப்பட்டு, 1957 முதல் பொதுமக்கள் பயன்படுத்தி வரும் மருந்து அது. அதை விட்டுவிட்டு வேறொன்றை எடுப்பதானால், எடுப்பது அதற்கு நிகராக வேலை செய்ய வேண்டும் என்பதே என் கவலை.

"டீட் இல்லாதது" என்ற வரி டப்பாவின் முகப்பில் இருப்பதை மட்டும் பார்த்து வாங்கிவிடாதே. பின்பக்கம் திருப்பி, உள்ளே இருக்கும் மருந்தின் பெயரையும் அதன் சதவீதத்தையும் படி. நம் கடைகளில் எலுமிச்சைப் புல் வாசனையோடு விற்கும் மூலிகைத் தைலங்களும் கையில் கட்டும் பட்டைகளும் மணமாகத்தான் இருக்கும். ஆனால் அந்த எண்ணெய்கள் விரைவில் ஆவியாகிவிடுவதால், ஓர் இரவு முழுவதும் திறந்தவெளியில் கிடப்பவனுக்கு அவை போதா.

உனக்கு நான் சொல்வது 20 சதவீத பிகாரிடின் உள்ள கொசு விரட்டி. இகாரிடின் என்றும் அச்சிட்டிருப்பார்கள். மிளகில் உள்ள பைப்பரின் என்ற பொருளின் அமைப்பை வைத்து, பேயர் நிறுவனத்தார் 1980களில் ஆய்வுக்கூடத்தில் உருவாக்கியது. பிசுபிசுப்போ கடும் வாசனையோ கிடையாது, பிளாஸ்டிக்கையும் ஒன்றும் செய்யாது. இந்தச் செறிவில் பல மணி நேரம் கொசுவையும் உண்ணியையும் அண்ட விடாது. இங்கே நான் விசாரித்த மருந்துக் கடைகளில் அது இல்லாததால், இப்போதே இணையத்தில் சொல்லி வரவழைத்து வைத்துக்கொள். ஐஆர்3535 என்ற மருந்தும் நல்லதுதான் என்றாலும், அதுவும் பிளாஸ்டிக்கைப் பாதிக்கக்கூடும் என்பதால் உன் கருவிகளுக்கு ஆகாது. எலுமிச்சை யூகலிப்டஸ் மரத்திலிருந்து எடுக்கும் பிஎம்டி என்ற மருந்தும் நன்றாக வேலை செய்யும். ஆனால் கண்ணில் பட்டால் எரிச்சல் தாங்காது, மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குப் பூசவும் கூடாது. உன் நண்பரின் இரண்டு வயது மகளும் வருகிறாள் என்பதால் இதை அவர்களிடம் மறக்காமல் சொல். குழந்தைக்குப் பிகாரிடின் பூசினாலும் பெரியவர் கையில் எடுத்து மெல்லப் பூச வேண்டும். விரல்களில் படாமல் பார்த்துக்கொள்ளச் சொல், விரல் வாய்க்குப் போகும்.

இவ்வளவு வற்புறுத்துவதற்குக் காரணம் நம் ஊர்தான். இந்தியாவில் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் முதன்முதலாக 1955இல் கண்டறியப்பட்டது அன்றைய வட ஆற்காடு மாவட்டத்தில், இந்த வேலூர்ப் பகுதியில்தான். அதைப் பரப்பும் கொசு நெல் வயல் தண்ணீரில் பெருகி, பொழுது சாய்ந்த பிறகு கடிக்க வருவது. டெங்குக் கொசுவோ பகலில் கடிக்கும். ஆகையால் நீங்கள் கூடாரம் போடும் மாலையிலேயே மருந்தைப் பூசிவிட வேண்டும், இருட்டட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

கொசுவை விட எனக்கு அதிக பயம் உண்ணிக் காய்ச்சலைப் பற்றித்தான். மழை முடிந்து குளிர் தொடங்கும் இந்த மாதங்களில், நான் செவிலியராக இருந்த வார்டில் அந்த நோயாளிகளைக் காணாத வருடமே இல்லை. புதரிலும் வரப்புப் புல்லிலும் இருக்கும், கண்ணுக்கே சரியாகத் தெரியாத ஒரு சிற்றுண்ணியின் இளம்புழு கடிப்பதால் வருவது அது. எரிகல் பார்ப்பவர்கள் நாற்காலியில் உட்காராமல் புல்லில் மல்லாந்து படுப்பார்கள் அல்லவா? அதைத்தான் செய்யாதே. கயிற்றுக் கட்டிலோ மடக்கு நாற்காலியோ எடுத்துப் போ. முழுக்கால் சட்டையின் நுனியைக் காலுறைக்குள் செருகிக்கொண்டு, கையிலும் கழுத்திலும் பிகாரிடின் பூசிக்கொள். துணி மூடிய இடத்தில் பூச வேண்டியதில்லை. துணிக்கென்றே விற்கும் 0.5 சதவீத பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி கிடைத்தால், புறப்படுவதற்கு முந்தைய நாளே சட்டையிலும் காலுறையிலும் தெளித்துக் காய வை. அதைத் தோலில் ஒருபோதும் பூசாதே. ஈரமாக இருக்கும்வரை உன் பூனை அந்தப் பக்கம் வராமல் கதவைச் சாத்திவை, பூனைகளுக்கு அது விஷம்.

திரும்பி வந்ததும் சோப்புப் போட்டுக் குளித்து, போட்டிருந்த துணிகளைத் தனியாக வெந்நீரில் துவைத்துவிடு. அடுத்த மூன்று வாரத்துக்குள் காய்ச்சலும் தலைவலியும் வந்தால் மாத்திரை போட்டுக்கொண்டு வேலைக்குப் போகாதே. அக்குளிலும் இடுப்பு மடிப்பிலும் பீடி சுட்டது போன்ற கறுத்த வடு, வலியே இல்லாமல் இருக்கிறதா என்று தேடிப் பார். வடு இல்லாவிட்டாலும் மருத்துவரிடம் போய், ஜவ்வாது மலையில் இரவு தங்கினேன் என்று முதல் வார்த்தையாகச் சொல். நீ இருக்கும் பெங்களூருவின் மருத்துவருக்கு உண்ணிக் காய்ச்சல் என்று தானாகத் தோன்றாமல் போகலாம். தோன்றிவிட்டால் டாக்ஸிசைக்ளின் மாத்திரையிலேயே பெரும்பாலும் குணமாகிவிடும்.

மருந்து வந்து சேர்ந்ததும் அட்டையின் பின்பக்கத்தைப் படம் எடுத்து எனக்கு அனுப்பு.

அன்புடன்,
அம்மா