சளியோடு காட்டுக்குள் போகாதே

அன்பு மகள் யாழினிக்கு, அம்மா எழுதுவது.

நைரோபியிலிருந்து நீ எழுதிய கடிதம் கிடைத்தது. அடுத்த வாரம் தோழிகளுடன் உகாண்டாவின் பிவிண்டி காட்டுக்கு மலைக் கொரில்லாக்களைப் பார்க்கப் போகிறாய் என்றும், சளியும் இருமலும் இன்னும் விடவில்லை என்றும், மாத்திரை போட்டுக்கொண்டு யாரிடமும் சொல்லாமல் போய்வந்துவிடலாமா என்றும் கேட்டிருக்கிறாய். வெளிநாட்டுப் பயணிக்கு அனுமதிச் சீட்டு மட்டுமே 800 டாலர். அந்தப் பணத்தை நீ எப்படிச் சிறுகச் சிறுகச் சேர்த்தாய் என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் போகாதே என்றுதான் சொல்வேன். கால்நடை மருத்துவராக வேலை பார்த்தவள், அந்தக் காட்டை நேரில் கண்டவள் என்ற இரண்டு உரிமையோடும் காரணத்தை விரிவாகவே எழுதுகிறேன்.

கொரில்லாவின் மரபணு நம்முடையதோடு ஏறத்தாழ 98 சதவீதம் ஒத்துப்போகிறது. அதனால் நம்மைப் பிடிக்கும் நோய்களில் பல அதையும் பிடிக்கும். ஆனால் காலங்காலமாக அந்தக் கிருமிகளோடு வாழ்ந்து நமக்குக் கிடைத்த எதிர்ப்புச் சக்தி அதற்குக் கிடையாது. 2009இல் ருவாண்டாவில் ஒரு கொரில்லாக் கூட்டத்தையே மூச்சு நோய் தாக்கியது. இறந்துபோன ஒரு பெண் கொரில்லாவின் உடலிலும் ஒரு குட்டியின் உடலிலும் மனித மெட்டாநியூமோ வைரஸ் இருந்ததை ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். நம்மில் பலருக்கு அது சாதாரண ஜலதோஷமாக வந்து நான்கைந்து நாளில் போய்விடுகிற கிருமிதான்.

பிவிண்டியிலும் 1996இல் ஒரு கூட்டத்துக்குச் சொறி வந்து, முடி உதிர்ந்து, ஒரு குட்டி இறந்தது. உகாண்டா வனவிலங்குத் துறையின் முதல் கால்நடை மருத்துவராக அப்போதுதான் பொறுப்பேற்றிருந்த கிளாடிஸ் கலேமா-சிகுசோகா மருந்து கொடுத்து மற்றவற்றைக் காப்பாற்றினார். தோட்டங்களில் காவலுக்கு நட்டிருந்த சோளக்கொல்லைப் பொம்மைகளுக்குப் போட்ட அழுக்குத் துணிகளைக் கொரில்லாக்கள் தொட்டதால் நோய் பரவியிருக்க வேண்டும் என்று தெரிந்தது. காட்டு விலங்கைக் காப்பாற்ற வேண்டுமென்றால் காட்டோரத்துக் குடும்பத்துக்கு முதலில் சோப்பும் மருந்தும் கிடைக்க வேண்டும் என்பதை அவர் அங்கே கண்டுகொண்டார். 2003இல் அதற்கென்றே ஓர் அமைப்பைத் தொடங்கினார். இன்றைக்கும் ஊர்த் தன்னார்வலர்கள் வீடு வீடாகப் போய் இருமல் நோயாளிகளைக் கண்டறிந்து மருத்துவமனைக்கு அனுப்புகிறார்கள். என் தொழிலில் நான் பெரிதும் மதிக்கிறவர்களில் அவர் ஒருவர்.

எண்ணிக்கையைப் பார்த்தால் இந்தக் கவலை உனக்கே புரியும். 2018 வரை நடந்த கணக்கெடுப்புகளின்படி உலகம் முழுவதிலும் இருந்தவை 1,063 மலைக் கொரில்லாக்கள்: ருவாண்டா, உகாண்டா, காங்கோ எல்லையில் இருக்கும் விருங்கா எரிமலைத் தொடரில் 604, பிவிண்டியிலும் அதையொட்டிய காங்கோ காட்டிலுமாக 459. 1980களின் தொடக்கத்தில் விருங்காவில் ஏறக்குறைய 250தான் இருந்தன என்பதை நினைத்தால் இது பெரிய மீட்சி. ஆனால் ஒரு தாய் சராசரியாக நான்கு ஆண்டுகளுக்கு ஒரு குட்டிதான் ஈனுகிறாள். ஒரு நோய் ஒரு வாரத்தில் கொண்டுபோவதை ஈடுகட்ட ஒரு தலைமுறை ஆகிவிடும்.

அங்கே ஒரு கூட்டத்தைப் பார்க்க ஒரு நாளைக்கு எட்டுப் பேருக்கு மட்டுமே அனுமதி, அதுவும் ஒரே ஒரு மணி நேரம். முகக்கவசம் கட்டாயம். பத்து மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். ஆனால் செங்குத்தான சரிவில், வனக்காவலர் கொடிகளை வெட்டி வழி உண்டாக்கும் புதருக்குள், அந்த இடைவெளி உன் கையில் இல்லை. நான் போனபோது ஒரு தாய் தண்டு ஒன்றை ஒடித்து, பல்லால் நாரை நீளமாக உரித்து எறிந்துவிட்டு, உள்ளே இருந்த வெள்ளைச் சோற்றை மட்டும் மென்றுகொண்டிருந்தாள். முதுகில் இருந்த குட்டி அவளை விட்டு இறங்கி எங்களை நோக்கித் தத்தித் தத்தி வந்தது. வழிகாட்டி எங்கள் எல்லோரையும் பின்னால் தள்ளிக்கொண்டே போனார். காலுக்கடியில் தரையே இல்லை, மிதித்ததெல்லாம் கொடிப் பின்னல். குட்டிக்கும் எனக்கும் நடுவே நாலு அடிகூட இருந்திருக்காது. அந்த நேரத்தில் ஒருவர் இருமினால் என்ன ஆகும் என்பதை நீயே யோசித்துக்கொள். மாத்திரை காய்ச்சலை மறைக்கும், மூக்கொழுகலை நிறுத்தும். மூச்சில் வரும் கிருமியை நிறுத்தாது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அந்த ஒரு மணி நேரத்துக்காக மற்றவர்கள் கொடுத்திருக்கும் விலை நம்முடைய 800 டாலரைவிட மிகப் பெரியது. பிவிண்டி 1991இல் தேசியப் பூங்காவானபோது, காடே வீடாக வாழ்ந்த பாட்வா மக்கள் வெளியேற்றப்பட்டார்கள். அவர்களுக்கு உரிய இழப்பீடு தரப்படவில்லை என்று உகாண்டாவின் அரசியலமைப்பு நீதிமன்றம் 2021இல் தீர்ப்புச் சொன்னது. காட்டோரத்து பாகிகா உழவர்களின் வாழைத் தோட்டத்துக்குள் கொரில்லாக் கூட்டம் இறங்கினால், ஊர்த் தன்னார்வலர்கள் கல்லெறியாமல் பொறுமையாகக் காட்டுக்குள் திருப்பி ஓட்டுகிறார்கள். இங்குரிங்கோ பக்கத்தில் கொரில்லா தின்னாத தேயிலையைக் காட்டோரமாக நட்டிருக்கிறார்கள். இவ்வளவு பேர் பொறுத்துக்கொண்டு காப்பாற்றி வைத்திருக்கும் ஒன்றுக்கு நாம் நோயைக் கொண்டுபோகலாமா?

அதனால் அனுமதிச் சீட்டு வாங்கித் தந்த முகவரிடம் இன்றைக்கே பேசி, உடம்பு சரியில்லை என்பதை மறைக்காமல் சொல்லி, தேதியை மாற்ற முடியுமா என்று கேள். முடியாவிட்டால் தோழிகள் காட்டுக்குப் போகட்டும். நீ புன்யோனி ஏரிக்கரையில் ஓய்வெடு. பணம் போனால் நானும் அப்பாவும் அடுத்த முறைக்கு உதவுகிறோம். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை அங்கே மழை குறைவு. அந்த மாதங்களில் கிடைத்தால் நல்லது. போகும்போது முழுக்கைச் சட்டையும், காஞ்சொறிச் செடி குத்தாத கெட்டியான கையுறையும் எடுத்துக்கொள். பை சுமக்க ஊர் இளைஞர் ஒருவரை வைத்துக்கொள். உனக்குத் தேவை இல்லாவிட்டாலும் அந்தக் கூலி அவர் வீட்டுக்குத் தேவை. பாட்வா பெண்கள் பின்னும் கூடைகளில் ஒன்றை எனக்காக வாங்கி வா, விலை பேசாதே.

முகவர் என்ன சொன்னார் என்று உடனே எழுது.

உன் அம்மா