எல்லாக் கட்டத்திலும் எட்டு சதவீதம்: ஃப்யூயல் மேப் டியூனிங் குறித்த புகார்

பெறுநர்
மேலாளர் அவர்கள்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

பொருள்: தங்கள் பணிமனையில் பொருத்திய சைலன்சராலும் இசியூவில் (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் சிறு கணினியில்) ஏற்றிய ஃப்யூயல் மேப்பாலும் பைக்கின் மைலேஜும் இழுவையும் குறைந்தது, முறையான திருத்தம் கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

தங்கள் நிறுவனத்தின் ஸ்லிப்-ஆன் சைலன்சரையும் (புகைக்குழாயின் கடைசிப் பகுதியை மட்டும் மாற்றும் வகை) அதற்கான ஃப்யூயல் மேப் டியூனிங்கையும் ஒரே தொகுப்பாக வாங்கி, தங்கள் பணிமனையிலேயே பொருத்திக்கொண்ட வாடிக்கையாளர் நான். ஒற்றை சிலிண்டரும் ஃப்யூயல் இன்ஜெக்ஷனும் கொண்ட என் பைக் அதற்கு முன் குறையேதும் இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. இப்போது மைலேஜ் கண்கூடாகக் குறைந்துவிட்டது. ஆக்சிலேட்டரை மூடும்போதெல்லாம் சைலன்சரில் படபடவென்று வெடிச்சத்தம் வருகிறது. முழுத் த்ராட்டிலில், மேல் ஆர்பிஎம்மில், வண்டி முன்பைவிட மந்தமாகவே ஏறுகிறது. இதை நேரில் சொன்னபோதெல்லாம் "இசியூ பழகும் வரை ஓட்டிப் பாருங்கள்" என்ற பதில் மட்டுமே கிடைத்ததால் எழுத்துமூலமாக முறையிடுகிறேன்.

மைலேஜும் கூடும், பிக்கப்பும் கூடும் என்று தங்கள் விளம்பரத்தில் சொல்லியிருந்தது நடக்கவே முடியாத காரியம் என்று நான் கருதவில்லை. ஃப்யூயல் மேப் என்பது ஒரு பக்கம் த்ராட்டில் திறப்பும் மறுபக்கம் ஆர்பிஎம்மும் கொண்ட அட்டவணை; எவ்வளவு பெட்ரோல் விட வேண்டும் என்பதை அதன் ஒவ்வொரு கட்டமும் சொல்கிறது. சீரான வேகத்தில் போகும்போது இன்ஜின் பயன்படுத்துவது குறைந்த த்ராட்டிலில் உள்ள சில கட்டங்களை மட்டுமே. முந்திச் செல்ல முழுவதுமாகத் திருகும்போது பயன்படுவது அட்டவணையின் மறு ஓரத்தில் இருக்கும் கட்டங்கள். மைலேஜை முதல் பகுதி தீர்மானிக்கிறது, இழுவையை இரண்டாம் பகுதி தீர்மானிக்கிறது என்பதால், ஒன்றுக்காக மற்றொன்றை விட்டுக்கொடுக்க வேண்டிய அவசியமில்லை. கட்டம் கட்டமாக அளந்து திருத்துவதற்குப் பெயர்தான் டியூனிங். நான் கட்டணம் செலுத்தியதும் அதற்காகத்தான்.

ஆனால் என் பைக்கில் அந்த வேலை நடக்கவே இல்லை. வேறொரு பணிமனையில் இசியூவைப் படிக்கச் செய்து, அதே பாக எண் கொண்ட, மாற்றம் எதுவும் செய்யப்படாத இசியூவின் மேப்போடு ஒப்பிட்டுப் பார்த்தோம். ஐட்லிங்கிலிருந்து ரெட்லைன் (அனுமதிக்கப்பட்ட உச்ச ஆர்பிஎம்) வரை, 2 சதவீதத் திறப்பிலிருந்து 100 சதவீதத் திறப்பு வரை, ஒவ்வொரு கட்டத்திலும் பெட்ரோல் அளவு சரியாக 8 சதவீதம் கூட்டப்பட்டிருக்கிறது. ஒரு கட்டம்கூட அதிலிருந்து மாறுபடவில்லை. அளந்து திருத்திய மேப் எதுவும் இப்படி இருக்க வாய்ப்பே இல்லை. குறைந்த த்ராட்டிலில் இன்ஜினுக்குள் போகும் காற்றின் அளவைக் கட்டுப்படுத்துவது த்ராட்டில் தட்டுதான். அங்கே சைலன்சர் எவ்வளவு தாராளமாகப் புகையை வெளியே விட்டாலும் காற்று பெரிதாகக் கூடிவிடாது. கூடாத காற்றுக்கு 8 சதவீதம் கூடுதல் பெட்ரோல் எதற்கு?

இதன் விளைவையும், காற்று–பெட்ரோல் விகிதத்தைத் துல்லியமாக அளக்கும் வைட்பேண்ட் சென்சார் வைத்து அளந்தோம். எத்தனால் கலக்காத பெட்ரோல் முழுமையாக எரிய 1 கிராமுக்கு 14.7 கிராம் காற்று வேண்டும். சீரான ஓட்டத்தில் இசியூ இந்த விகிதத்தைச் சுற்றியே கலவையை வைத்திருக்கும்படிதான் என் பைக் தொழிற்சாலையிலிருந்து வந்தது. இப்போது அதே ஓட்டத்தில் விகிதம் 13.6 ஆக இருக்கிறது; எண் குறைந்தால் பெட்ரோல் மிகுதி என்று பொருள். 14.7ஐ 1.08ஆல் வகுத்தால் வருவது இதே எண் என்பதைத் தாங்களே கணக்கிட்டுப் பார்க்கலாம். முழுத் த்ராட்டிலிலாவது பலன் உண்டா என்றால் அதுவும் இல்லை. பொதுவாக இன்ஜின் அதிகபட்சத் திறனைத் தருவது 12.5 முதல் 13 வரையிலான விகிதத்தில்; தொழிற்சாலை மேப் ஏற்கெனவே 13க்கு அருகில்தான் இருந்தது. புதிய சைலன்சரால் கூடிய காற்றையும் தாண்டிப் பெட்ரோல் ஊற்றப்படுவதால் இப்போது 12.2 காட்டுகிறது. ஆக, ஒரே எண்ணை எல்லா இடத்திலும் பெருக்கியதால் மைலேஜ் போன அதே நேரத்தில் இழுவையும் போயிருக்கிறது.

இன்னும் என்னை வருத்துவது ஆக்ஸிஜன் சென்சார் விஷயம். அது இருந்த இடத்தைப் போல்ட்டால் அடைத்துவிட்டு, அதன் ஒயர் கனெக்டரில் சிறு மின்தடை அடங்கிய டம்மி பிளக் ஒன்றைச் செருகியிருக்கிறார்கள். இதைப் பற்றி என்னிடம் யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை, ரசீதிலும் இல்லை. எச்சரிக்கை விளக்கு எரியாமல் இருப்பதற்கு இந்த ஏற்பாடு போதும். ஆனால் புகையில் எஞ்சியிருக்கும் ஆக்ஸிஜனைப் பார்த்து, கலவை கூடினால் குறைத்து, குறைந்தால் கூட்டும் வேலையை இசியூ இனிச் செய்ய முடியாது. எத்தனால் கலந்த பெட்ரோல் போட்டால் இந்த இழப்பு மேலும் வெளிப்படும். எத்தனாலுக்குத் தேவையான காற்று விகிதம் 9 மட்டுமே என்பதால், கலப்பு மாறும்போதெல்லாம் பெட்ரோல் அளவும் மாற வேண்டும். அதைத் தானாகச் சரிசெய்துகொண்டிருந்தது அந்தச் சென்சார்தான். அதைக் கழற்றிய பிறகு "இசியூ பழகும்" என்று தங்கள் ஊழியர் சொன்னதை நான் எப்படி எடுத்துக்கொள்வது? எதைப் பார்த்து அது பழகும்?

சென்சாரைக் கழற்றியதற்கான காரணத்தையும் என்னால் ஊகிக்க முடிகிறது. பெண்ட் பைப் (புகைக்குழாயின் முன்பகுதி) இன்ஜின் ஹெட்டோடு சேரும் ஃப்ளேஞ்ச் என்ற இணைப்பு விளிம்பைச் சுற்றி விரல் அகலத்துக்குக் கறுப்புக் கோடுகள் படிந்திருக்கின்றன. பிரித்துப் பார்த்தபோது உள்ளே இருந்தது பழைய கேஸ்கெட்; ஏற்கெனவே நசுங்கித் தட்டையானதையே திரும்ப வைத்து முடுக்கியிருக்கிறார்கள். அந்த இடைவெளி வழியாக வெளிக்காற்று உள்ளே இழுக்கப்பட்டால், சென்சார் கலவை லீனாக (பெட்ரோல் குறைவாக) இருப்பதாகத் தவறாகச் சொல்லும். இசியூ மேலும் மேலும் பெட்ரோல் கூட்டும். இந்தக் கோளாறைக் கண்ட தொழில்நுட்பர், கசிவை அடைப்பதற்குப் பதிலாகச் சென்சாரைக் கழற்றிவிட்டார் என்றே நினைக்கிறேன். ஒரு புதிய கேஸ்கெட் மாற்றியிருந்தால் தீர்ந்திருக்கும் விஷயம் இது. ஆக்சிலேட்டரை மூடும்போது வரும் வெடிச்சத்தத்துக்கும் இதுவே காரணம்: எரியாமல் வெளியேறும் பெட்ரோல், கசிவு வழியே நுழையும் காற்றைச் சந்தித்துச் சூடான குழாய்க்குள் பற்றிக்கொள்கிறது.

தங்கள் பணிமனை எனக்குத் தந்த டைனோ (இன்ஜின் திறனை அளக்கும் கருவி) வரைபடம் பற்றியும் சொல்ல வேண்டும். திறன் கூடியிருப்பதற்குச் சான்றாக அதைத்தான் காட்டினார்கள். அதன் கீழ் மூலையில் சிறிய எழுத்தில் இருப்பதைப் படித்தால், பொருத்துவதற்கு முந்தைய ஓட்டம் எஸ்ஏஇ திருத்தத்திலும், பிந்தைய ஓட்டம் எஸ்டிடி திருத்தத்திலும் அச்சிடப்பட்டிருப்பது தெரிகிறது. அளந்த திறனை ஒரு பொதுவான வானிலைக்கு ஏற்பச் சரிசெய்யும் முறைகள் இவை; இரண்டுக்கும் அடிப்படையான வெப்பநிலையும் காற்றழுத்தமும் வெவ்வேறு. எஸ்டிடி முறை அதே இன்ஜினுக்கு ஏறத்தாழ 4 சதவீதம் கூடுதலாகக் காட்டும். வரைபடத்தில் காட்டிய உயர்வோ அதைவிடக் குறைவு. ஆக, ஒரே திருத்தத்தில் வைத்துப் பார்த்தால் அது உயர்வே அல்ல. மேலும், அந்த ஓட்டம் முழுவதும் முழுத் த்ராட்டிலில் எடுக்கப்பட்டது. காற்று–பெட்ரோல் விகிதத்தின் கோடும் அதில் இல்லை. மைலேஜைத் தீர்மானிக்கும் கட்டங்கள் எதையும் தொடாத ஒரு வரைபடத்தை, மைலேஜ் கூட்டுவதாகச் சொன்ன ஒரு பொருளுக்குச் சான்றாகத் தருவது முறையல்ல.

கலவை இப்படியே தொடர்ந்தால் இன்ஜினுக்கு ஏற்படும் சேதம்தான் இப்போது என் முதல் கவலை. ஸ்பார்க் பிளக்கின் முனையில் மை பூசியதுபோல் கரி படிந்திருக்கிறது. ஆயில் டிப்ஸ்டிக்கில் பெட்ரோல் வாசம் அடிக்கிறது. சிலிண்டர் சுவரில் இருக்க வேண்டிய ஆயில் படலத்தை மிகுதிப் பெட்ரோல் கழுவிவிட்டால் பிஸ்டன் ரிங் தேயும். பெண்ட் பைப்பிலுள்ள கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் எரியாத பெட்ரோல் போய் எரிந்தால் அதன் தேன்கூட்டு அமைப்பே உருகிவிடக்கூடும். அதனால் வண்டியை அவசியத்துக்கு மட்டுமே எடுக்கிறேன்.

பழைய மேப்பை நானே ஏற்றிக்கொள்ளலாம் என்றால் அதற்கும் வழியில்லை. இசியூவைப் படிக்க முடிகிறதே தவிர, எழுத முயன்றால் தங்கள் நிறுவனம் வைத்த கடவுச்சொல்லைக் கேட்கிறது. மாற்றுவதற்கு முன் எடுத்திருக்க வேண்டிய அசல் கோப்பின் நகலைக் கேட்டபோது, அப்படி எதுவும் சேமித்து வைக்கவில்லை என்றார்கள். வாடிக்கையாளருக்குச் சொந்தமான இசியூவில் அவரே நுழைய முடியாதபடி பூட்டு போடுவதும், திரும்பிப் போகும் வழியைப் பாதுகாக்காமல் விடுவதும் எந்தப் பணிமனைக்கும் அழகல்ல.

எனவே, முதலில் அந்தக் கடவுச்சொல்லை எனக்கு எழுத்துமூலம் வழங்கி, என் பைக்கின் அசல் மேப்பைத் திரும்ப ஏற்றித் தர வேண்டும். அதோடு புதிய கேஸ்கெட் போட்டு, கழற்றிய ஆக்ஸிஜன் சென்சாரை அதன் இடத்தில் பொருத்தி, கசிவு இல்லை என்பதை என் முன்னிலையில் சோதித்துக் காட்ட வேண்டும். அதன் பிறகும் தங்கள் சைலன்சருக்கு மேப் திருத்தம் தேவைப்பட்டால், குறைந்த த்ராட்டில் கட்டங்களைச் சென்சாரின் பொறுப்பில் விட்டுவிட்டு, அதிகத் த்ராட்டில் கட்டங்களை மட்டும் வைட்பேண்ட் அளவீட்டோடு திருத்தி, முன்னும் பின்னும் ஒரே திருத்தத்தில் எடுத்த டைனோ பதிவுகளைத் தர வேண்டும். இதைச் செய்ய இயலாதெனில் டியூனிங் கட்டணத்தையும் சைலன்சரின் விலையையும் முழுமையாகத் திருப்பித் தந்து, அசல் சைலன்சரைத் தங்கள் செலவில் மாட்டித் தரக் கோருகிறேன்.

இரு மேப்புகளின் ஒப்பீடு, வைட்பேண்ட் பதிவு, டைனோ வரைபடத்தின் நகல், ஃப்ளேஞ்ச், பழைய கேஸ்கெட், டம்மி பிளக் ஆகியவற்றின் படங்கள், ரசீது ஆகிய அனைத்தையும் இணைத்துள்ளேன். கேஸ்கெட்டும் டம்மி பிளக்கும் என்னிடம் பத்திரமாக உள்ளன. தங்கள் தொழில்நுட்பர் நேரில் வந்து பார்க்கலாம். இக்கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள் எழுத்துமூலப் பதிலை எதிர்பார்க்கிறேன். அதற்குள் பதில் வராவிட்டால், இதே ஆவணங்களோடு நுகர்வோர் புகார்களை விசாரிக்கும் அமைப்பை அணுகுவேன் என்பதைத் தெரிவித்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்