கமலாவுக்கு: ஆர்க்டிக் போகும் சரளைச் சாலை பற்றி

அன்புள்ள கமலா,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்து, மாடிப்படி ஏறி இறங்கத் தொடங்கிவிட்டாய் என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. பேத்திக்கு நீச்சல் கற்றுக்கொடுப்பதை இன்னும் சில வாரம் தள்ளிப்போடு. சொன்னால் கேட்கமாட்டாய், இருந்தாலும் சொல்லி வைக்கிறேன்.

இனி உன் கேள்வி. "ஆளரவமே இல்லாத வனாந்தரத்தைப் பார்க்கப் போகிறவள், ஒரு கூட்டத்தோடு வேனில் அடைந்துகொண்டு வழிகாட்டியின் பின்னால் போவானேன்? காரை வாடகைக்கு எடுத்து நாமே போனால் என்ன?" என்று கேட்டிருந்தாய். நீ சொல்வதில் பாதி நியாயம் இருக்கிறது. மீதிப் பாதிக்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

கனடாவின் யூகான் பகுதியில், டாசன் நகருக்கு 40 கிலோமீட்டர் கிழக்கே, நான் குழுவோடு போய்வந்த டெம்ப்ஸ்டர் நெடுஞ்சாலை பிரிகிறது. அங்கிருந்து வடக்கே இனுவிக் ஊர் வரை ஏறத்தாழ 740 கிலோமீட்டர். அநேகமாக முழுவதும் சரளைதான். பெட்ரோல் போட வேண்டுமானால் 369-ஆவது கிலோமீட்டரில் உள்ள ஈகிள் பிளெயின்ஸ் வரை போக வேண்டும். அதுவரை டூம்ஸ்டோன் பூங்காவின் தகவல் மையத்தையும் ஓரிரு கூடார முகாம்களையும் விட்டால் வேறொன்றும் இல்லை. கைபேசி வெறும் கேமராவாகிவிடும். எங்கள் வழிகாட்டி இரண்டு உபரி டயர்களையும் ஒரு செயற்கைக்கோள் தொலைபேசியையும் ஏற்றிக்கொண்டபோது எனக்குக் கொஞ்சம் மிகையாகப்பட்டது. ஈகிள் பிளெயின்ஸைத் தாண்டியதுமே முதல் டயர் போனது. அந்தப் பக்கத்துச் சாலைக்கல் ஏடு ஏடாக உடைகிற ஜாதி, விளிம்பெல்லாம் கூர். நாங்கள் ஜாக்கி வைத்துக்கொண்டிருந்தபோது எதிரே வந்த லாரிக்காரர் நாங்கள் கைகாட்டாமலே நிறுத்தினார், டயர் மாட்டி முடியும்வரை நின்றார், பெயரைக்கூடச் சொல்லாமல் போய்விட்டார். அந்தச் சாலையில் நின்ற வண்டியைக் கண்டுவிட்டு யாரும் கடந்து போவதில்லை.

சாலைக்குப் பெயர் கொடுத்த டெம்ப்ஸ்டர் ஒரு குதிரைப்படைப் போலீஸ்காரர். அவர் கதையை எங்களுக்குச் சொன்னதும் வழிகாட்டிதான். அவள் அந்தச் சாலையில் வரும் ஃபோர்ட் மெக்பெர்சன் ஊரைச் சேர்ந்தவள், குவிச்சின் என்ற பூர்வகுடிப் பெண். நம்மைவிடப் பத்து வயதாவது சின்னவள். 1910 டிசம்பர் 21 அன்று இன்ஸ்பெக்டர் ஃபிட்ஸ்ஜெரால்டு மூன்று பேரோடு, நாய் இழுக்கும் சறுக்குவண்டிகளில் ஃபோர்ட் மெக்பெர்சனிலிருந்து டாசனுக்குக் கிளம்பினார். வேகமாகப் போய்விடலாம் என்று உணவைக் குறைத்து எடுத்துக்கொண்டார். வழி தெரிந்தவர் என்று கூட்டிப்போன கார்ட்டர் அந்த வழியில் ஒரே ஒரு தடவை, அதுவும் எதிர்த்திசையில், நான்கு ஆண்டுகளுக்கு முன்பு வந்தவர். சில நாள் வழிகாட்டிய ஈசா ஜார்ஜ் என்ற குவிச்சின்காரரை, இனித் தேவையில்லை என்று கூலி கொடுத்து அனுப்பிவிட்டார்கள். பிறகு டாசன் பக்கம் திரும்ப வேண்டிய ஓடையைக் கண்டுபிடிக்க முடியவில்லை. நாள்கணக்கில் தேடி, உணவு தீர்ந்து, நாய்களையே கொன்று தின்று, நான்கு பேரும் திரும்பும் வழியில் இறந்தார்கள். ஃபிட்ஸ்ஜெரால்டு ஃபோர்ட் மெக்பெர்சனுக்கு 40 கிலோமீட்டர் வரை வந்துவிட்டிருந்தார். அடுத்த மார்ச்சில் உடல்களைக் கண்டெடுத்தவர் கார்ப்பரல் டெம்ப்ஸ்டர். அவரோடு போன வழிகாட்டி சார்லி ஸ்டூவர்ட், குவிச்சின்காரர்.

இதை அவள் அந்த நான்கு பேரின் கல்லறைப் பக்கத்தில் நின்று, எந்த அழுத்தமும் கொடுக்காமல் சொன்னாள். சொல்லி முடித்ததும், "சரி, வண்டியில் ஏறுங்கள், படகு போய்விடும்" என்றாள்.

வண்டிக்குள் இருந்து பார்க்கிற நிலம் வேறு, இறங்கி நின்றால் வேறு. டூம்ஸ்டோனைத் தாண்டி ஓரிடத்தில் எங்களை இறக்கி, மெல்லிய இரும்புக் கம்பி ஒன்றைப் பாசிக்குள் செருகச் சொன்னாள். பாதி வரை சுலபமாக இறங்கியது. அதற்குக் கீழே டக்கென்று நின்றுவிட்டது. எவ்வளவு அழுத்தியும் அசையவில்லை. கல்லோ என்று இழுத்துப் பார்த்தேன். கம்பியின் நுனி விரலைச் சுண்டும் அளவுக்குச் சில்லிட்டிருந்தது. அடியில் கோடையிலும் உருகாத உறைநிலம். அதனால்தான் சாலையை மண்ணைத் தோண்டிப் போடாமல், ஒன்றரை இரண்டு மீட்டர் உயரத்துக்குச் சரளையைக் கொட்டி, அந்த மேட்டின் மேல் ஓட்டியிருக்கிறார்கள். சரளை மேடு வெயிலின் சூட்டைக் கீழே இறங்கவிடாது. இனுவிக்கில் வீடுகள் தூண்களின் மேல் நிற்பதற்கும், குடிநீர்க் குழாயும் சாக்கடைக் குழாயும் பெட்டிக்குள் தரைக்கு மேலே தெருத்தெருவாக ஓடுவதற்கும் காரணம் அதுவே.

கரடி பயத்தைக் கேட்டிருந்தாய். நடக்கும்போது சேர்ந்து நடக்க வேண்டும், சத்தமாகப் பேச வேண்டும். திடீரென்று எதிர்ப்படுகிற மனிதனைத்தான் கரடிக்குப் பிடிக்காது. எங்கள் குழுவில் ஓய்வுபெற்ற தணிக்கையாளர் ஒருவர் இருந்தார். வேனில் அவர் குரலைத் தாங்க முடியவில்லை. புதர்க் காட்டில் அவரை முன்னால் விட்டு நடந்தோம். ஒரு கரடியும் கிட்டே வரவில்லை.

குறையும் சொல்லிவிடுகிறேன். நிறுவனத்தின் விளம்பரத்தில் காரிபூ மான் கூட்டம் அடிவானம் வரை நிற்கும். போர்க்குபைன் மந்தை என்கிற அந்தக் கூட்டத்தில் லட்சத்துக்கும் மேல் மான்கள் உண்டு என்பது உண்மைதான். ஆனால் அவை இலையுதிர் காலத்தில், எப்போது தோன்றுகிறதோ அப்போதுதான் சாலையைக் கடக்கும். நாங்கள் பார்த்தது தூரத்தில் நின்ற சிலவற்றை மட்டும். முதலில் வரும் மான்களைச் சுடக்கூடாது, அவை போன தடத்தில்தான் மற்றவை வரும் என்பது குவிச்சின் பெரியவர்களின் வழக்கமாம். இந்த ஒரு தகவலுக்கே போகலாம் என்று எனக்குத் தோன்றியது. தணிக்கையாளர் பணத்தைத் திருப்பிக் கேட்கப்போவதாகச் சொன்னார். ஆர்க்டிக் வட்டத்துப் பலகை முன்னால் அரை மணி நேரம் புகைப்படமெடுத்து வீணாக்கினார்கள், அதுவும் எனக்குப் பொறுக்கவில்லை.

பீல் ஆற்றையும் மெக்கன்சி ஆற்றையும் படகில் கடக்க வேண்டும். வண்டியோடு ஏற்றுவார்கள், கட்டணமில்லை. ஆறு உறையும் வாரங்களிலும் உடையும் வாரங்களிலும் படகும் இல்லை, உறைந்த ஆற்றின் மேல் வண்டி போகிற பனிப்பாலமும் இல்லை. 2017-இல் திறந்த சாலையில், இனுவிக்கைத் தாண்டி ஆர்க்டிக் கடற்கரை ஊரான டக்டோயாக்டக் வரை போனோம். அங்கே தட்டைநிலத்திலிருந்து பிங்கோ என்ற குன்றுகள் எழுந்து நிற்கின்றன, வயிற்றில் பனிக்கட்டியோடு. பெரியது இப்யுக், 49 மீட்டர். ஆர்க்டிக் கடலில் முழங்கால் வரை இறங்கினேன். உனக்கு அது வேண்டாம்.

ஆகஸ்ட் கடைசியில் போவோம். ஜூனில் நள்ளிரவுச் சூரியனோடு கொசுவும் வரும். ஆகஸ்டில் குட்டை பிர்ச் செடிகள் சிவந்து மலையே சிவப்பாக இருக்கும். முன்பதிவுக்கு முன் நிறுவனத்திடம் கேட்க வேண்டியவை: வழிகாட்டி அந்த ஊர்க்காரரா, வேனில் எத்தனை பேர், ஒரு நாளில் எவ்வளவு நேரம் கீழே இறக்குவார்கள். மூன்றாவதற்கு மழுப்பினால் வேறு நிறுவனம் பார்ப்போம். கோரைத் திட்டுகள் காலடியில் ஆடும். ஊன்றுகோல் இரண்டு கட்டாயம். உன் மருத்துவர் நடக்கலாம் என்று எந்த மாதம் சொல்கிறார் என்று கேட்டு எழுது, இடங்கள் சீக்கிரம் போய்விடும். ஜன்னல் சீட் போகும்போது உனக்கு, வரும்போது எனக்கு.

அன்புடன்,
வசந்தா