ஒன்றரை நாளுக்கு அதுதான் வீடு

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சில வாரங்களுக்கு முன் உங்கள் இதழில் வந்த பயணக் கட்டுரையைப் படித்தேன். சென்னையிலிருந்து கொல்கத்தாவுக்கு விமானத்தில் இரண்டரை மணி நேரம்தான், இந்தக் காலத்தில் ஒரு நாளுக்கு மேல் ரயிலில் உட்கார்ந்து போகிறவர்கள் யார் என்று அதில் கேட்டிருந்தீர்கள். அப்படிப் போகிறவர்களில் நானும் ஒருத்தி. அதனால்தான் இந்தக் கடிதம்.

எங்கள் மகன் கொல்கத்தாவில் வேலைக்குச் சேர்ந்து ஐந்து வருடம் ஆகிறது. நானும் என் வீட்டுக்காரரும் வருடத்துக்கு ஒரு முறையாவது போய்ப் பேத்தியைப் பார்த்துவிட்டு வருகிறோம். எங்கள் ஊர் கடலூர். பக்கத்துப் புதுச்சேரியிலிருந்து கொல்கத்தாவை ஒட்டிய ஹவுரா நிலையத்துக்கு வாரத்துக்கு ஒரே ஒரு ரயில். தூரம் 1,800 கிலோமீட்டருக்கு மேல், கிட்டத்தட்ட ஒன்றரை நாள் பயணம். அந்தக் கிழமை ஒத்து வராவிட்டால் விழுப்புரத்தில் ஏறுவோம், இல்லையென்றால் சென்னைக்கே போய்விடுவோம். கடலூரிலிருந்து புதுச்சேரிக்கு நேராக ரயில் பாதை கிடையாது. சென்னையிலிருந்து மாமல்லபுரம், புதுச்சேரி வழியாகக் கடலூருக்குக் கடற்கரையோரமாக ஒரு பாதை வரப்போகிறது என்று பல வருடமாகச் சொல்கிறார்கள், இன்னும் வரவில்லை. ஆக, புதுச்சேரி வண்டியைப் பிடிக்க வேண்டுமென்றால் எங்கள் பயணம் பஸ்ஸில்தான் தொடங்கும்.

இந்த இடத்தில் ஒன்று சொல்லிக்கொள்கிறேன். வெளியூர்க்காரர்கள் டிக்கெட் எடுக்கும்போது கடலூர் என்று தேடினால் முதுநகரில் இருக்கும் கடலூர் துறைமுகம் சந்திப்புதான் வரும். ஊரின் இன்னொரு பகுதியான மஞ்சக்குப்பத்துக்கு வருகிறவர் இறங்க வேண்டியது திருப்பாதிரிப்புலியூர் நிலையத்தில். மகனின் வங்காள நண்பர் ஒருவர் முதல் தடவை வந்தபோது முதுநகரில் இறங்கி, பெட்டியோடு நின்று எங்களுக்குப் போன் செய்தார். பெயர்ப் பலகையிலும் டிக்கெட்டிலும் கடலூர் என்ற சொல்லையும் சேர்த்தால் எத்தனையோ பேருக்கு உதவியாக இருக்கும்.

சரி, ரயிலுக்கு வருகிறேன். விமானத்தில் நான் இரண்டு தடவை போயிருக்கிறேன். ஏறினோம், இறங்கினோம், நடுவில் ஒன்றுமே இல்லை. ரயிலில் அப்படியில்லை. முதல் வேளைக்கு இட்லியும் எண்ணெயில் குழைத்த மிளகாய்ப்பொடியும், அடுத்த வேளைக்குப் புளிச்சோறு, அதற்கப்புறம் சப்பாத்தி என்று வீட்டிலேயே கட்டிக்கொண்டு போய்விடுவோம். புதுச்சேரி வண்டியில் அரவிந்தர் ஆசிரமத்துக்கு வந்து திரும்பும் வங்காளிகளும் ஒடியாக்காரர்களும் நிறைய இருப்பார்கள். புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனையில் வைத்தியம் பார்த்துக்கொண்டு திரும்புகிறவர்களும் உண்டு. ஒரு தடவை எதிர் பெர்த்தில் வந்த வங்காள அம்மாள் புதுச்சேரியிலேயே பல வருடம் இருந்தவர். என்னை அக்கா என்று கூப்பிட்டு நல்ல தமிழில் பேசினார். நான் முறுக்கு கொடுத்தேன், அவர் வெல்லத்தில் பிடித்த தேங்காய் உருண்டை கொடுத்தார். அதை நாரு என்று சொல்வார்களாம். இப்போது பேத்திக்கு நானே செய்து கொடுக்கிறேன்.

ராஜமுந்திரியில் கோதாவரிப் பாலம் வந்தால் பெட்டியில் பேச்சு நின்றுவிடும். கிட்டத்தட்ட மூன்று கிலோமீட்டர் தண்ணீருக்கு மேலேயே வண்டி போகும். வயதானவர்கள் காசு போட்டுக் கும்பிடுவார்கள். விசாகப்பட்டினத்தில் என்ஜினைக் கழற்றி மறுபக்கம் மாட்டுவார்கள். அதுவரை முகத்தில் அடித்த காற்று அதற்கப்புறம் முதுகுப் பக்கம் வரும். இது தெரியாதவர்கள் வண்டி திரும்பி ஊருக்கே போகிறதோ என்று பதறுவார்கள். தெரிந்தவர்கள் அதற்குள் எதிர் சீட்டுக்கு மாறியிருப்பார்கள். வரும் வழியில் காலை வெளிச்சத்தில் சிலிகா ஏரியைப் பார்க்க வேண்டும். ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் கண்ணுக்கெட்டிய வரை தண்ணீர், நடுவில் சின்னச் சின்னப் படகுகள். எங்கள் ஊர்க் கடலையே தினம் பார்க்கிற எனக்கும் அந்த ஏரி அலுக்கவில்லை. கரக்பூர் தாண்டினால் கடுகெண்ணெய் வாசனையோடு ஜால்மூரி என்கிற மசாலாப் பொரி விற்கிறவர்கள் ஏறுவார்கள். அந்த வாசனை வந்தால் மகன் வீடு பக்கத்தில் வந்துவிட்டது என்று அர்த்தம்.

இவ்வளவு இருந்தும் ஒவ்வொரு தடவையும் கிளம்பும் முன் வயிற்றில் ஒரு கலக்கம். முதல் கவலை டிக்கெட். 2024 நவம்பரிலிருந்து முன்பதிவு 120 நாளிலிருந்து 60 நாளாகக் குறைந்துவிட்டது. அதைக்கூடக் குறை சொல்ல மாட்டேன், நான்கு மாதம் முன்னால் யாரால் தேதி முடிவு செய்ய முடியும்? ஆனால் வாரத்துக்கு ஒரே வண்டி, அதுவும் ஆகஸ்ட் 15 அரவிந்தர் பிறந்த நாளை ஒட்டி என்றால், காலை எட்டு மணிக்கு முன்பதிவு தொடங்கி நாங்கள் விவரங்களை நிரப்பி முடிப்பதற்குள் வெயிட்டிங் லிஸ்ட் வந்துவிடுகிறது. அப்புறம் அறுபது நாளும் போனைத் திறந்து நம்பர் இறங்கியதா என்று பார்ப்பதே வேலை. ஒருமுறை ஆர்.ஏ.சி.யோடு, அதாவது படுக்கை இல்லாமல் உட்கார மட்டும் இடம் என்பதோடு, நின்றுபோய், நானும் அவரும் ஒரே சைடு லோயரில் இரவு முழுக்கக் காலை மடக்கி உட்கார்ந்து போனோம். எனக்கு 64 வயது, அவருக்கு 69.

மூத்த குடிமக்களுக்கு ஆண்களுக்கு 40 சதவீதமும் பெண்களுக்கு 50 சதவீதமும் இருந்த சலுகை 2020 மார்ச்சில் நின்றது. கொரோனா போய்விட்டது, சலுகை திரும்பவில்லை. எல்லாருக்கும் கொடுக்க முடியாவிட்டால் ஸ்லீப்பரில் போகிறவர்களுக்காவது கொடுக்கலாம். ஏ.சி.யில் போக வசதி இல்லாமல்தானே அதில் போகிறார்கள்?

ஆனால் நான் முக்கியமாகச் சொல்ல வந்தது தண்ணீரைப் பற்றி. இரண்டு வருடத்துக்கு முன் திரும்பி வரும்போது, எந்த வண்டி என்பது வேண்டாம், இரவு பத்து மணிக்கு எங்கள் பெட்டியின் நான்கு கழிப்பறைகளிலும் தண்ணீர் நின்றுவிட்டது. ஸ்லீப்பர் பெட்டி, எண்பது படுக்கை, அதற்கு மேலும் ஆட்கள். கைக்குழந்தையோடு ஒரு பெண், சிறுநீரகச் சிகிச்சைக்காகப் போகிற ஒரு பெரியவர். புகார் எண்ணுக்குப் போன் செய்தோம். அடுத்த பெரிய நிலையத்தில் நிரப்புவார்கள் என்று பதில் வந்தது. அந்த நிலையத்தில் வண்டி மூன்று நிமிடம்கூட நிற்கவில்லை. நள்ளிரவில் என் போனுக்குப் புகார் சரிசெய்யப்பட்டது என்று செய்தி வந்தது. குழாயைத் திறந்தால் காற்றுதான். விடிந்தபோது அந்தப் பெரியவர் தண்ணீர் குடிப்பதையே நிறுத்தியிருந்தார், கழிப்பறைக்குப் போகாமல் இருப்பதற்காக. அதை நினைத்தால் இப்போதும் மனம் ஆறவில்லை.

பிறகு ஒரு நிலையத்தில் தண்ணீர் ஏற்றும் தொழிலாளியிடம் பேசினேன். எல்லா நிலையத்திலும் நிரப்ப முடியாதாம். தண்டவாளத்துக்கு நடுவில் குழாய் வரிசை உள்ள நிலையங்களில்தான் முடியும். வண்டி தாமதமாக வந்தால் நிற்கும் நேரத்தைக் குறைத்து அனுப்பிவிடுகிறார்கள், பாதித் தொட்டி நிரம்புவதற்குள் கொடி காட்டிவிடுகிறார்கள் என்றார். இது புரிந்ததும் எனக்குக் கோபம் அதிகமானது. நிலையத்துக்கு வெளியே அவுட்டரில் ஒன்றரை மணி நேரம் காரணம் சொல்லாமல் நிறுத்த முடிகிறது, தண்ணீருக்காகப் பத்து நிமிடம் நிறுத்த முடியாதா? பயணிகளான நம் பங்கும் இதில் உண்டு, மறைக்கவில்லை. உயிரிக் கழிப்பறைக்குள் பாட்டிலையும் துணியையும் போட்டு அடைப்பவர்கள் நம்மில்தான் இருக்கிறார்கள்.

ஸ்லீப்பரிலேயே இந்தக் கதி என்றால் முன்பதிவில்லாத பெட்டியை எண்ணிப் பாருங்கள். எங்கள் ஊர் சிப்காட் தொழிற்பேட்டையில் வேலை செய்யும் ஒடிசா, வங்காளப் பையன்கள் அதில்தான் ஊருக்குப் போகிறார்கள். கழிப்பறை வாசலிலும் ஆட்கள் உட்கார்ந்திருப்பார்கள், ஒன்றரை நாளும் அப்படித்தான். 2023 ஜூன் 2-ஆம் தேதி பாலசோர் மாவட்டம் பாஹாநகா பஜாரில் நடந்த ரயில் விபத்தில் 290 பேருக்கு மேல் இறந்தார்கள். முன்பதிவில்லாத பெட்டிக்குப் பெயர்ப் பட்டியல் கிடையாது. யார் ஏறினார்கள், எங்கே இறங்க இருந்தார்கள் என்று யாருக்கும் தெரியாது. கடைசிவரை யாரும் கேட்டு வராத 28 உடல்களை அந்த வருடம் அக்டோபரில் புவனேஸ்வரில் தகனம் செய்தார்கள். அந்த நிலையத்தைத் தாண்டும்போது என் வீட்டுக்காரர் எழுந்து நின்றுவிடுவார். தொலைதூர வண்டிகளில் இந்தப் பெட்டிகளைக் கூட்டி, ஏறுகிறவர்களின் பெயரையும் ஒரு போன் நம்பரையும் டிக்கெட் கொடுக்கும்போதே வாங்கிக்கொண்டால் என்ன?

வேகமான வண்டிகள் வருவதில் எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் அவற்றில் பெரும்பாலும் காலையில் ஏறி மாலைக்குள் இறங்கிவிடுகிறார்கள். எங்கள் வண்டியில் ஒன்றரை நாள் குடியிருக்கிறோம். தூங்குவது, சாப்பிடுவது, குழந்தைக்குப் பால் கலக்குவது எல்லாம் அங்கேதான். ஒரு வீட்டில் தண்ணீர் இல்லையென்றால் என்ன செய்வோமோ அந்த அவசரம் அங்கேயும் வேண்டும்.

உங்கள் இதழ் மூலமாக நான் கேட்பது பெரிய செலவு பிடிக்காத காரியம். ஒவ்வொரு பெட்டியின் கதவருகிலும் அந்த வண்டிக்கு எந்தெந்த நிலையத்தில், எத்தனை மணிக்குத் தண்ணீர் நிரப்புவார்கள் என்று தமிழிலும் வங்காளத்திலும் ஒடியாவிலும் எழுதி ஒட்டட்டும். நிரப்பாமல் வண்டியை எடுத்தால், அது யார் முடிவு என்று டி.டி.ஆர். எழுதி வைக்கட்டும். புகார் சரியாகிவிட்டது என்ற செய்தியைப் பயணி ஒப்புக்கொண்ட பிறகு மட்டும் அனுப்பட்டும். புதுச்சேரி–ஹவுரா வண்டியை வாரத்துக்கு இரண்டாக்கினால் வெயிட்டிங் லிஸ்ட்டும் கொஞ்சம் குறையும்.

பொங்கல் முடிந்து மறுபடி போகிறோம். டிக்கெட் எடுத்தாகிவிட்டது: எனக்கு லோயர், அவருக்கு வெயிட்டிங் லிஸ்ட் 11. இந்தத் தடவை இரண்டு ஐந்து லிட்டர் கேன்களும் எடுத்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
திருப்பாதிரிப்புலியூர், கடலூர்.