ரவுட்டரைக் கவிழ்த்து மாட்டும் முன் சுவிட்சைப் பாருங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு இணைப்பில் மரத்தில் விளிம்பும் பள்ளமும் செதுக்கும் ரவுட்டர் மெஷினுக்கு மேசையை நாமே செய்துகொள்வது பற்றி வந்த குறிப்பைப் படித்தேன். பிளைவுட்டில் ஓட்டை போட்டு ரவுட்டரைத் தலைகீழாக மாட்டி, அதன் சுவிட்சைப் போட்ட நிலையிலேயே லாக் செய்துவிட்டு, சுவரில் இருக்கும் பிளக் பாயிண்டில் போட்டு அணைத்துக்கொள்ளலாம் என்று எழுதியிருந்தது. அந்தக் கடைசி வரியைத் தயவுசெய்து திருத்துங்கள். 22 வருஷமாகத் தச்சு வேலை செய்கிறேன், அந்த வரி எங்கே கொண்டுபோய் விடும் என்று எனக்குத் தெரியும்.

நானும் அப்படித்தான் மாட்டியிருந்தேன். ஒரு நாள் தேக்கு பீடிங் (ஓரத்தில் அடிக்கும் மெல்லிய சட்டம்) ஓட்டிக்கொண்டிருந்தபோது பாதியில் கரண்ட் போய்விட்டது. மெஷின் நின்றதும் பட்டறையே அமைதியாகிவிட, கூட வேலை பார்த்த தம்பி சுவரில் அணைக்க மறந்து, மெஷினில் சுழன்று மரத்தை வெட்டும் பிட்டைச் சுற்றிக் குவிந்திருந்த தூளை விரலால் தள்ளித் துடைத்தான். துடைத்துவிட்டுத் துணியை உதறத் திரும்பினான், கரண்ட் வந்துவிட்டது. பிட்டை ஒட்டிக் கிடந்த ஒரு சாண் கட்டை பறந்துபோய் எதிர்ச் சுவரில் அடித்துப் பூச்சு பெயர்ந்தது. இரண்டு நொடி முந்தி வந்திருந்தால் அவன் விரல் இருந்திருக்காது. இன்றைக்கும் அந்தப் பெயர்ந்த இடத்தை நான் பூசவில்லை.

இதற்கு மருந்து பெரிய செலவு இல்லை. கிணற்று மோட்டார் ஸ்டார்ட்டரில் பச்சைப் பட்டனை அமுக்கினால்தானே ஓடும், கரண்ட் போய்த் திரும்பி வந்தால் மறுபடி அமுக்கும்வரை சும்மா கிடக்கும் அல்லவா, அதே மாதிரி மெஷின்களுக்கென்றே நோ-வோல்ட் சுவிட்ச் கிடைக்கிறது. அதை மேசையின் முன்புறம், தொடையாலேயே தட்டி அணைக்கிற உயரத்தில் வைத்து, ரவுட்டரின் வயரை அதில் கொடுக்க வேண்டும். சில ரவுட்டர்கள் மெதுவாகக் கிளம்பும், அதனால் இது தேவையில்லை என்று நினைக்காதீர்கள். மெதுவாகக் கிளம்பினாலும் தானாகத்தானே கிளம்புகிறது.

மாட்டுகிற விஷயத்திலும் ஒன்று சொல்ல வேண்டும். 18 மி.மீ. பிளைவுட்டின் அடியிலேயே நேராக முடுக்கினால் பலகையின் கனமே பிட்டின் உயரத்தைத் தின்றுவிடும், மேலே எட்டவில்லையே என்று காம்பைக் கவ்விப் பிடிக்கும் காலெட்டிலிருந்து பிட்டை வெளியே இழுத்துப் பிடிக்கத் தோன்றும், அங்கேதான் ஆபத்து. பிட்டின் காம்பு 20 மி.மீ.யாவது உள்ளே இருக்க வேண்டும். அதே நேரம் அடி தட்டும்வரை இறக்கவும் கூடாது, இறக்கிவிட்டு இரண்டு மி.மீ. தூக்கி முடுக்கினால்தான் காலெட் சரியாகக் கவ்வும். கால் இஞ்ச் பிட் என்பது 6.35 மி.மீ., அதை 6 மி.மீ. காலெட்டில் திணிக்காதீர்கள்.

அதனால் 6 முதல் 10 மி.மீ. வரை கனமுள்ள அலுமினியத் தகட்டில் ரவுட்டரை மாட்டி, அந்தத் தகட்டை மேசையில் பள்ளம் எடுத்துப் பதியுங்கள். ரவுட்டரின் அடியில் இருக்கும் பிளாஸ்டிக் தட்டைக் கழற்றி, அதையே அச்சாக வைத்து ஓட்டை குறித்தால் ஒரு நூல்கூட விலகாது. பழைய திருகாணி நீளம் பற்றாவிட்டால் அதே மரை உள்ள நீளமானதாக வாங்குங்கள், தலை தகட்டுக்குள் அமுங்கி நிற்க வேண்டும், துருத்திக்கொண்டிருந்தால் கட்டை அதில் தட்டி நிற்கும். மேசைப் பலகைக்கு இரண்டு 18 மி.மீ. பலகைகளை ஒட்டி, மேலும் கீழும் மைக்கா போட்டால் ரவுட்டரின் எடைக்கு நடுவில் தொய்யாது.

அப்புறம் தள்ளும் திசை. கவிழ்த்து மாட்டினால் மேலிருந்து பார்க்கும்போது பிட் இடஞ்சுழியாகச் சுற்றும், அதனால் கட்டையை வலப்பக்கத்திலிருந்து இடப்பக்கம் தள்ள வேண்டும். மாற்றித் தள்ளினால் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு போகும். பிட்டுக்கும் பின்னால் நிற்கும் தடுப்புக் கட்டைக்கும் நடுவில் மரத்தை ஒருபோதும் விடாதீர்கள்.

இந்தத் திருத்தத்தை வருகிற ஞாயிறே போட்டால் நல்லது. குறிப்பைப் பார்த்துவிட்டு என் அண்ணன் மகன் நேற்றே பிளைவுட் வாங்கி வந்துவிட்டான், அவனை நான் நிறுத்திவைத்திருக்கிறேன். மற்ற வீடுகளில் யார் நிறுத்துவார்கள்?

இப்படிக்கு,
தச்சுப் பட்டறை வைத்திருக்கும் வாசகர்,
செங்கோட்டை.