மழையைக் குறை சொல்லுமுன் டேங்கைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஆடி, ஆவணியில் வேலூர்ப் பக்கம் பகலெல்லாம் வெயில் கொளுத்தும், சாயங்காலம் இடியோடு கொட்டும், பிறகு பல நாள் துளி இருக்காது. ஐப்பசி, கார்த்திகையில் புயல் வந்தால் அடைமழை. இதற்கு நடுவில்தான் தோப்பில் களை வெட்ட வேண்டும், குட்டி யானை என்கிற சின்னச் சரக்கு வண்டியின் பாடி வேலையும் முடிய வேண்டும். மழை விட்டதும் குடியாத்தம், அணைக்கட்டு, காட்பாடிப் பட்டறைகளுக்குப் புல் வெட்டும் மெஷின்கள் வந்து குவிகின்றன. நனைந்ததால் கெட்டது என்கிறார்கள். பெரும்பாலும் கோளாறு பெட்ரோல் டேங்கில் இருக்கிறது.

இப்போது பங்க்கில் போடும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலந்திருக்கிறது. அது ஈரத்தை இழுக்கும். மூடி தளர்ந்த டேங்கில் பெட்ரோல் அரைகுறையாகக் கிடந்தால், ஒரு கட்டத்தில் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து அடியில் தங்கிவிடும். தோளில் மாட்டும் டூ ஸ்ட்ரோக் மெஷினுக்கு இது எமன். என்ஜின் தேயாமலிருக்கப் பெட்ரோலில் கலக்கும் 2டி ஆயில் மேலே பெட்ரோலோடு நின்றுவிடும். டியூப் அடியிலிருந்து உறிஞ்சுவதில் ஆயிலே இருக்காது. பிஸ்டனில் கோடு விழுந்து ஜாம் ஆகிவிடும். கார்புரேட்டரில் உள்ள மெல்லிய சவ்வான டயாஃப்ரமும் விறைத்துப்போகும். இரண்டு வாரத்துக்கு வேலை இல்லை என்று தெரிந்தாலே டேங்கைக் காலி செய்யுங்கள். பிறகு ஸ்டார்ட் செய்து, தானாக அணையும்வரை ஐடிலில் ஓடவிடுங்கள். ஆயில் கலவை மெஷினோடு வந்த கையேட்டில் சொன்னபடிதான்: 1:50 என்றால் லிட்டருக்கு 20 மி.லி., 1:25 என்றால் 40 மி.லி. அன்றைய வேலைக்கு வேண்டியதை மட்டும் கலக்குங்கள். மீந்ததைக் கேனில் வைத்து அடுத்த மாதம் ஊற்றுவதுதான் பாதிச் செலவுக்கு வழி.

மழை நாளைச் சும்மா விடக் கூடாது. பிளக்கைக் கழற்றிக் கரியைத் துடைத்து இடைவெளி பாருங்கள். பெரும்பாலான மெஷின்களுக்கு 0.6 முதல் 0.7 மி.மீ. காற்றை வடிகட்டும் ஸ்பான்ஜ் ஃபில்டரைச் சோப்புத் தண்ணீரில் அலசி முழுக்கக் காயவிட்டு மாட்டுங்கள். பேப்பர் ஃபில்டரைக் கழுவவே கூடாது, தட்டினால் போதும். நான்கு சக்கர மோவரைச் சாய்க்கும்போது ஃபில்டர் மேல்பக்கம் இருக்கட்டும், இல்லையென்றால் ஆயில் அதற்குள் இறங்கும். பிளேடில் கை வைக்குமுன் பிளக் வயரைப் பிடுங்கிவிடுங்கள். சாணை பிடித்த பிளேடை நடு ஓட்டையில் ஆணி கொடுத்துச் சுவரில் தொங்கவிட்டால், கனமான பக்கம் கீழே இறங்கும். அந்தப் பக்கத்தை இன்னும் கொஞ்சம் அராவுங்கள். சமனில்லாத பிளேடு அதிர்ந்து அதிர்ந்து பிளேடைச் சுற்றும் கிராங்க் தண்டையே வளைத்துவிடும். காலையில் பனி காயாமல் புல்லில் இறங்காதீர்கள்; ஈரப் புல் உள்பக்கம் அப்பிக்கொண்டு என்ஜின் திணறும்.

வெயில் அடிக்கும் நாளை வண்டிக்குக் கொடுங்கள். தளத்தகட்டில் வெல்டிங் வைக்குமுன் பேட்டரி நெகட்டிவைக் கழற்றுவது கட்டாயம். பாக்கெட் பிரித்துப் போட்ட வெல்டிங் ராடு ஈரம் இழுத்திருந்தால் வெல்டிங் ஓட்டை ஓட்டையாக வரும். துருவைப் பளபளவென்று இரும்பு தெரியும்வரை சுரண்டி, அன்றே துரு தடுக்கும் ரெட் ஆக்சைடு பூசிவிட வேண்டும். ஒரு ராத்திரி திறந்து விட்டாலே மறுபடி துரு படியும். அதன்மேல் பூசினால் பெயிண்ட் கொப்பளித்து உரியும். மேகம் கட்டிய மாலையில் பெயிண்ட் வேலையை ஆரம்பிக்கவே வேண்டாம்.

2021 நவம்பரில் பாலாறு கரைபுரண்டதை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். தரைப்பாலத்தில் வெள்ளம் ஓடினால் வண்டியை இறக்கவே கூடாது. தெருவில் தேங்கிய தண்ணீரில் சக்கர நடுமட்டம் வரை மூழ்கியிருந்தால், பிரேக்கை லேசாக மிதித்தபடி மெதுவாக ஓட்டி லைனிங்கைக் காயவையுங்கள். பின் அச்சில் உள்ள கிரவுன் ஆயில் பால் கலந்த டீ நிறத்தில் இருந்தால் மாற்றாமல் ஓட்டாதீர்கள். வீல் பேரிங்கைக் கழுவிப் புது கிரீஸ் வைக்க வேண்டும். தண்ணீரில் என்ஜின் நின்றுபோனால் செல்ஃப் அடிக்கவே கூடாது. உள்ளே தண்ணீர் போயிருந்தால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும்.

வேளாண்மைப் பொறியியல் துறை மானியத்தில் களையெடுக்கும் கருவிகளைத் தருவது நல்ல காரியம். அதோடு, ஆனி மாதத்திலேயே ஒன்றியந்தோறும் அரை நாள் முகாம் நடத்தும்படி கேட்டுக்கொள்கிறோம். டேங்கைக் காலி செய்வதையும் பிளேடு சமன் பார்ப்பதையும் விவசாயிகள் கையாலேயே செய்து பழக வேண்டும். நோட்டீஸ் கொடுத்து அனுப்பினால் போதாது.

இப்படிக்கு,
பட்டறைத் தொழிலாளர்கள்,
குடியாத்தம்.