இன்ஜினை இறக்குவதற்கு முன்: வில்லியனூர் நண்பனுக்கு ஒரு கடிதம்

திருப்பாதிரிப்புலியூர்,
கடலூர்.
12-6-2025

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் திங்கட்கிழமை கிடைத்தது. இங்கே எல்லோரும் நலம். என் முழங்கால் மட்டும் ஆறிப்போன டீசல் வண்டியைப் போலக் காலையில் கிளம்ப மறுக்கிறது. பத்தடி நடந்து சூடானபின் சரியாகிவிடுகிறது. தம்பி வாங்கிய பிக்கப்பும் ஏறத்தாழ அப்படித்தான் நடந்துகொள்கிறது என்று நீ எழுதியதைப் படித்தபோது சிரிப்பும் வந்தது, கொஞ்சம் கவலையும் வந்தது.

நான்கு பக்கக் கடிதத்தில் இரண்டரைப் பக்கம் வண்டியை விற்றவரைத் திட்டியே தீர்த்திருக்கிறாய். மீதியிலிருந்து நான் பொறுக்கி எடுத்துக்கொண்டது இவ்வளவுதான்: காலையில் முதல் முறை செல்ஃப் அடிக்கும்போது பத்துப் பன்னிரண்டு நொடி சுற்ற வேண்டியிருக்கிறது, கிளம்பியதும் கண்ணை எரிக்கும் வெள்ளைப் புகை தள்ளுகிறது, ஐடிலிங்கில் (ஆக்ஸிலரேட்டர் மிதிக்காமல் ஓடும்போது) ஒரே சீராக உதறுகிறது, கால் மணி நேரம் ஓடினால் புகை நின்று, உதறலும் பெரும்பாலும் அடங்கிவிடுகிறது, பண்ருட்டியிலிருந்து பலாப்பழ லோடோடு திரும்பும்போது புல்லிங் இல்லை. ஆயில் குறையவில்லை, ரேடியேட்டரில் தண்ணீரும் குறையவில்லை என்று கடைசி வரியில் போகிற போக்கில் எழுதியிருக்கிறாய். என்னைக் கேட்டால் அதுதான் உன் கடிதத்திலேயே முக்கியமான வரி.

உங்கள் ஊர் மெக்கானிக் வெள்ளைப் புகையைப் பார்த்ததும் ரிங் (பிஸ்டனைச் சுற்றி, சிலிண்டர் சுவரோடு ஒட்டி அடைக்கும் வளையம்) போய்விட்டது, இன்ஜினை இறக்கத்தான் வேண்டும் என்று சொல்லிவிட்டார் என்கிறாய். அவசரப்பட்டு ஒப்புக்கொள்ளாதே. ரிங் தேய்ந்த இன்ஜின் ஆயில் குடிக்கும், நீலப் புகை விடும், அதோடு எரிந்த வாயு பிஸ்டனைத் தாண்டிக் கீழே இறங்கும். இதைப் பார்க்க ஒரு பைசா செலவில்லை. இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து, அதே வாயில் தலைகீழாக வைத்துப் பார். ரிங் தேய்ந்திருந்தால் மூடி குதித்துக் கீழே விழும்; புகை குபுகுபுவென்று வரும். பட்டறையில் இதைத்தான் பேக் கம்ப்ரஷன் என்பார்கள். மூடி லேசாக நடுங்கிவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தால் ரிங் மேல் பழி போட இடமில்லை. ஆயில் கறுப்பாக இருக்கிறதே என்று தம்பி பயந்தானாம். டீசல் இன்ஜினில் ஆயில் மாற்றிய சில நாளிலேயே கறுத்துவிடும், அது குற்றமல்ல. மோர் போல வெளுத்திருந்தால்தான் தண்ணீர் கலந்திருக்கிறது என்று பொருள். அளவு குறையாமல் மேலே ஏறிக்கொண்டே போய், டீசல் வாடையும் அடித்தால் அது வேறு வியாதி.

வெள்ளைப் புகையில் இரண்டு வகை உண்டு. ஹெட் கேஸ்கெட் (இன்ஜின் பிளாக்குக்கும் மேல் மூடியான ஹெட்டுக்கும் நடுவில் உள்ள அடைப்புத் தகடு) போய், ரேடியேட்டரில் ஊற்றும் கூலன்ட் சிலிண்டருக்குள் கசிந்தால் வருவது நீராவி. அதில் லேசான இனிப்பு வாடை இருக்கும், ரேடியேட்டரில் மட்டம் குறையும், மூடியைத் திறந்து வைத்து ஸ்டார்ட் செய்தால் குமிழி வரும். (இந்தச் சோதனையை இன்ஜின் முழுவதும் ஆறியிருக்கும்போது மட்டும் செய்யச் சொல், சூட்டில் மூடியைத் திறந்து முகத்தைச் சுட்டுக்கொண்டவர்களை நான் பார்த்திருக்கிறேன்.) மற்றது எரியாத டீசல். அதுதான் கண்ணை எரிக்கும். ஆகவே தம்பியின் வண்டியில் டீசல் உள்ளே போகிறது, ஆனால் ஏதோ ஒரு சிலிண்டரில் அது பற்றிக்கொள்ளவில்லை என்று இதுவரை துணிந்து சொல்லலாம். இந்த வைகாசி மாத வெயிலில், குளிரில் சிலிண்டரைச் சூடாக்கும் ஹீட்டர் பிளக்கின் உதவி இல்லாமலேயே நல்ல டீசல் இன்ஜின் கிளம்ப வேண்டும் என்பதால் அதன்மேலும் எனக்குச் சந்தேகமில்லை.

அப்படியானால் முதலில் டீசல் வரும் வழியைப் பார்க்க வேண்டும். இதைச் சொல்லும் தகுதி எனக்கு ஒரு பெரிய தவறினால் கிடைத்தது. இருபது வருடத்துக்கு முன்பு முதுநகரிலிருந்து மீன் ஏற்றும் ஒரு வண்டி, காலையில் கிளம்பாது என்று என்னிடம் வந்தது. நானும் உங்கள் மெக்கானிக்கைப் போலவே பேசினேன், இன்ஜினை இறக்கினேன், ரிங்கும் பேரிங்கும் புதிதாகப் போட்டு ஏற்றினேன். மறுநாள் காலையில் அதே பத்து நொடி, அதே புகை. கடைசியில் பார்த்தால் டேங்கிலிருந்து ஃபில்டருக்கு வரும் ரப்பர் ஓஸில் கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு. இரவெல்லாம் அதன் வழியே காற்று புகுந்து, டீசல் டேங்குக்கே இறங்கிவிட்டிருக்கிறது. அந்த மனிதர் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஆகவே ஃபில்டருக்குப் பின்னால் ஓரடி நீளத்துக்கு டீசலைத் தாங்குகிற, உள்ளே ஓடுவது தெரியும் பிளாஸ்டிக் டியூபைப் பொருத்திக் குமிழி ஓடுகிறதா என்று பார்க்கச் சொல். ஃபில்டர் அடியில் உள்ள திருகைத் திறந்து தேங்கிய தண்ணீரையும் வடிக்கச் சொல்.

ஆனால் உண்மையைச் சொன்னால், காற்று புகுவது இங்கே காரணம் என்று நான் நம்பவில்லை. காற்று புகுந்தால் கிளம்புவதற்குத்தான் பாடுபடும். கிளம்பிய பிறகு இன்ஜின் ஒழுங்கற்றுத் தடுமாறும், சிறிது நேரத்தில் சரியாகும். நீ எழுதியதோ தாளம் தப்பாத உதறல். நான்கு பேர் தூக்கும் பல்லக்கில் ஒருவன் மட்டும் நொண்டுவது போல. ஒரே ஒரு சிலிண்டர்தான் வேலை செய்யவில்லை.

அந்தச் சிலிண்டர் எது என்று கண்டுபிடிக்கப் பழைய பம்ப் வண்டிகளில் நாம் என்ன செய்வோம் என்பது உனக்கு நினைவிருக்கும்: சிலிண்டருக்குள் டீசலைப் பீச்சும் இன்ஜெக்டருக்குப் போகும் குழாயின் நட்டை ஒவ்வொன்றாகத் தளர்த்துவோம், எதைத் தளர்த்தினால் சத்தம் மாறவில்லையோ அதுவே சோம்பேறி. தம்பியிடம் கண்டிப்பாகச் சொல், இந்த வண்டியில் அதை எவரும் செய்யக் கூடாது. இது காமன் ரெயில், எல்லா இன்ஜெக்டருக்கும் ஒரே பொதுக் குழாயிலிருந்து உயர் அழுத்தத்தில் டீசல் போகும் வகை. உள்ளே ஆயிரம் பாருக்கும் மேலே ஏறக்கூடிய அழுத்தம் இருக்கிறது. ஊசி முனை அளவு பீச்சினாலும் தோலைத் துளைத்து டீசல் உள்ளே போய்விடும், விரலையோ கையையோ எடுக்கும் நிலைகூட வரும். இதற்கு, வண்டியின் கம்ப்யூட்டரைப் படிக்கும் ஸ்கேனர் இருக்கிறது. ஐடிலிங்கில் பலவீனமான சிலிண்டருக்கு எவ்வளவு டீசல் கூடுதலாகக் கொடுத்துச் சமாளிக்கிறோம் என்று பல வண்டிகளின் கம்ப்யூட்டர் எண்ணாகவே காட்டும். இன்ஜெக்டர்களின் ரிட்டர்ன் முனைகளில் நான்கு டியூப் மாட்டி நான்கு பாட்டிலில் விட்டு, மூன்று நிமிடம் ஓட விட்டால், எது அளவுக்கு மீறித் திருப்பி அனுப்புகிறதோ அந்த இன்ஜெக்டர் உள்ளே கசிகிறது என்று தெரியும். நான்கும் ஒரே அளவாக வந்தால் இன்ஜெக்டருக்குச் செலவழிக்க வேண்டியதில்லை.

அடுத்தது கம்ப்ரஷன் சோதனை, அதாவது ஒவ்வொரு சிலிண்டரும் காற்றை எவ்வளவு அழுத்தத்துக்கு அமுக்குகிறது என்று பார்ப்பது. இன்ஜெக்டர்களின் மின் இணைப்பைக் கழற்றிவிட்டு, நன்றாகச் சார்ஜ் ஏறிய பேட்டரியோடு செய்ய வேண்டும். டீசல் இன்ஜினில் பொதுவாக 350 முதல் 450 பி.எஸ்.ஐ. வரை காட்டும். அந்த எண்ணைவிட, நான்கு சிலிண்டருக்கும் இடையே 10 முதல் 15 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. ஒன்று மட்டும் குறைந்தால், அந்தச் சிலிண்டரின் பிஸ்டனை உச்சிக்குக் கொண்டுவந்து, வால்வுகள் மூடிய நிலையில் கம்ப்ரஸர் காற்றை உள்ளே விட வேண்டும். பிஸ்டன்கள் சுழற்றும் தண்டான கிராங்க் சுற்றிவிடாதபடி வண்டியைக் கியரில் போட்டுச் சக்கரத்துக்குக் கட்டை கொடுப்பது அவசியம். பிறகு காதை வைத்துக் கேட்க வேண்டும். ஆயில் மூடியில் சீறினால் ரிங். ஏர் ஃபில்டர் பக்கம் சீறினால் இன்லெட் வால்வு. சைலன்சரில் சீறினால் எக்ஸாஸ்ட் வால்வு. ரேடியேட்டரில் குமிழியிட்டால் கேஸ்கெட்.

எங்கும் சீறவில்லை, ஆனாலும் கம்ப்ரஷன் குறைகிறது என்றால்? நான் அஞ்சுவது அதைத்தான்.

ஆர்.சி.யில் பழைய உரிமையாளரின் முகவரி பெண்ணையாற்றங்கரை ஊர் என்று எழுதியிருக்கிறாய். போன நவம்பர் 30ஆம் தேதி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்ததும், அதன்பின் சாத்தனூர் அணையிலிருந்து திறந்த தண்ணீர் பெண்ணையாற்றில் கடலூர் வரை வந்து ஊருக்குள் புகுந்ததும் உனக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. வண்டியை நீங்கள் வாங்கியது மார்ச் மாதம். விலையும் சந்தையைவிடக் குறைவு. ஓடிக்கொண்டிருக்கும் இன்ஜின் ஏர் ஃபில்டர் வழியாக ஒரு டம்ளர் தண்ணீரை உறிஞ்சினால் போதும். காற்று அமுங்கும், தண்ணீர் அமுங்காது. மேலே ஏறும் பிஸ்டனுக்கு வழியில்லை, கீழே கிராங்க் விடுவதாயில்லை. நடுவில் இரண்டையும் இணைக்கும் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். வளைந்தது மிகக் கொஞ்சம் என்றால் தண்ணீரை வெளியேற்றி, ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றியதும் இன்ஜின் ஓடும், விற்கவும் விற்கும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார். பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 96 மி.மீ., கம்ப்ரஷன் விகிதம் (பிஸ்டன் கீழே இருக்கும்போது உள்ள இடம், உச்சியில் இருக்கும்போது உள்ள இடத்தைப் போல எத்தனை மடங்கு என்பது) 17க்கு 1 என்று வைத்துக்கொள். பிஸ்டன் உச்சியில் நிற்கும்போது மிஞ்சும் இடம் 6 மி.மீ. உயரத்துக்குச் சமம். ராடு வளைந்து 1 மி.மீ. குறுகினால் அந்த இடம் 7 ஆகிறது, விகிதம் 14.7க்கு இறங்குகிறது. 2 மி.மீ. குறுகினால் வெறும் 13. ஆறிய இன்ஜினில் அந்தக் காற்று டீசலைப் பற்றவைக்கும் அளவுக்குச் சூடாவதில்லை. அதனால் புகை, உதறல். இன்ஜின் சூடானபின் சிலிண்டரின் சுவரே அந்தக் குறையை ஈடுகட்டிவிடுகிறது. அதனால் கால் மணி நேரத்தில் எல்லாம் அடங்குகிறது. ரிங் நன்றாகவே இருப்பதால் ஆயிலும் குறைவதில்லை. நீ எழுதிய ஒவ்வொன்றும் இதில் பொருந்துகிறது. வாங்கப் போன அன்று நீங்கள் போய்ச் சேர்வதற்கு முன்பே இன்ஜின் சூடாக இருந்ததா என்று தம்பியை யோசித்துச் சொல்லச் சொல்.

இது என் ஊகம்தான். சரிபார்க்க வழியிருக்கிறது. இன்ஜெக்டரைக் கழற்றிய துளை வழியாக மெல்லிய கம்பியை இறக்கி, ஒவ்வொரு பிஸ்டனும் உச்சிக்கு வரும்போது எவ்வளவு உயரம் வருகிறது என்று, மில்லிமீட்டரின் சிறு பகுதியையும் முள்ளில் காட்டும் டயல் கேஜில் அளந்தால், ஒன்று மட்டும் பள்ளத்தில் நிற்பது தெரிந்துவிடும். ஹெட்டைக்கூடக் கழற்ற வேண்டாம். அதற்கு முன் நீயே இன்று மாலை செய்யக்கூடியது, ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறந்து பார்ப்பது. ஃபில்டர் புதிதாக இருக்கலாம். பெட்டியின் மூலையில் ஒட்டிய வண்டலைத் துடைக்க யாரும் மெனக்கெட்டிருக்க மாட்டார்கள். சீட்டுக்கு அடியில் உள்ள இரும்புத் தண்டவாளத்தில் துரு, ஹெட்லைட்டுக்குள் மண் கோடு, வயர் இணைப்புகளில் பச்சைக் களிம்பு ஆகியவற்றையும் பார். பழைய உரிமையாளரின் இரண்டு வருட இன்சூரன்ஸ் பாலிசி கிடைத்தால், முந்தைய வருடம் இருந்த நோ கிளெய்ம் போனஸ் அடுத்த வருடம் காணாமல் போயிருக்கிறதா என்று பார். இழப்பீடு வாங்கியிருந்தால் அது போயிருக்கும். எட்டு வருடம் தாண்டிய வண்டிக்கு வருடா வருடம் எஃப்.சி. (தகுதிச் சான்றுக்கான சோதனை) உண்டு, போன மாதம்தான் அதில் தேறியது என்று சமாதானம் சொல்லிக்கொள்ளாதே. அங்கே கனெக்டிங் ராடை யாரும் அளப்பதில்லை.

ராடு வளைந்திருப்பது உறுதியானால் இன்ஜினை இறக்கத்தான் வேண்டும், அப்போது நானே அதைச் சொல்வேன். ஆனால் வெறும் ரிங் மாற்றுகிற வேலைக்கும் இதற்கும் வித்தியாசம் உண்டு. ரிங் என்று நினைத்துப் பிரித்தவர் அந்த ராடை அளக்காமலே திரும்பப் பூட்டிவிடுவார். வளைந்த ராடு லோடில் ஒருநாள் ஒடிந்தால் பிளாக்கையே உடைத்துக்கொண்டு வெளியே வரும். பிறகு இன்ஜின் இரும்புக்கடைக்குத்தான். ஆகவே அளந்து பார்க்கும்வரை பண்ருட்டிக்குப் போக வேண்டாம் என்று தம்பியிடம் சொல். பலா சீசனில் இதைச் சொல்வது கொடுமைதான். இரண்டு மூன்று நாளைக்கு வாடகை வண்டி பிடிக்கச் சொல்.

ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸைப் பிடித்து வருகிறேன். கம்ப்ரஷன் கேஜும் டயல் கேஜும் என்னிடம் இருக்கின்றன. தங்கச்சியிடம் எனக்குக் காப்பியில் சர்க்கரை கூடாது என்று முன்கூட்டியே சொல்லிவிடு. சனிக்கிழமை இரவு வண்டியை வீட்டு வாசலில் நிறுத்தி, சாவியை நீயே வாங்கி வைத்துக்கொள். நான் வந்து சேரும்வரை தம்பி உட்பட யாரும் செல்ஃப் அடிக்கக் கூடாது. இன்ஜின் ஆறிக் கிடக்கும்போது கேட்கும் அந்த முதல் பத்து நொடிச் சத்தம் எனக்கு வேண்டும்.

அன்புடன்,
உன் பழைய பட்டறைத் தோழன்